தலையில் கை வைத்த படம்

பிப்ரவரி 4

சின்னவளுக்கு,

நீ சுருட்டி அனுப்பிய மாதிரிச் சுவரொட்டி இன்று காலை வந்து சேர்ந்தது. நான்கு மூலையிலும் புத்தகம் வைத்து மேசைமேல் விரித்தேன். விரித்த கையோடு உன்னைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "மீட்டிங்ல இருக்கேன்க்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். உன் அகராதியில் அப்புறம் என்றால் எப்போது என்று எனக்கு நீ பாவாடை கட்டிய காலத்திலிருந்து தெரியும். அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் வைத்தாலும் மேசையில் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

சுவரொட்டியில் என் மகன் சலவை இயந்திரத்தின் முன்னால் தரையில் குந்தியிருக்கிறான். இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, முகம் தெரியாமல் குனிந்திருக்கிறான். கறுப்பு வெள்ளை. சுற்றிலும் இருட்டு. என் வீட்டுச் சலவை அறையில் அவ்வளவு இருட்டு எங்கிருந்து வந்தது? பட்டப்பகல். ஜன்னல் திறந்திருந்தது. கீழே பெரிய எழுத்தில், "மனச்சிதைவோடு ஒரு வாழ்க்கை."

அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

உனக்கு நினைவில்லை என்றால் சொல்கிறேன். உன்னுடைய அந்தப் பை பையாக வைத்த சட்டை, ஒரு மாதத்து அழுக்கோடு என் நாற்காலியில் தொங்கியது. பொறுக்க முடியாமல் எடுத்து இயந்திரத்தில் போட்டேன். எந்தப் பையில் ஃபிலிம் சுருள் இருக்கிறது, எந்தப் பையில் பாதி தின்ற பிஸ்கட் இருக்கிறது என்று நான் கண்டேனா? சுருள் நுரையோடு வெளியே வந்தது. நான் உன்னைத் திட்டினேன். அவன், நம் ஜட்ஜ், தலையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தான். நீ, போன சுருளுக்காக வருத்தப்படாமல், கழுத்தில் கிடந்த இன்னொரு கேமராவை எடுத்துக் கிளிக் கிளிக் என்று அமுக்கிக்கொண்டிருந்தாய்.

அந்தச் சிரிப்பைத்தான் இப்போது ஊருக்குத் துக்கமாகக் காட்டப் போகிறாய்.

அவன் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எதிரே பேருந்து நிறுத்தம் இருக்கிறது. அங்கேயும் இதை ஒட்டுவீர்கள். அவன் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே வாடிக்கையாளரின் காதில் கண்ணாடியை மாட்டிச் சரிபார்க்க வேண்டும். அவர்கள் அவன் கையைப் பார்ப்பார்களா, சுவரொட்டியைப் பார்ப்பார்களா?

உன் கண்காட்சியில் மாட்டப் போகும் மற்ற படங்களையும் பற்றி எழுதியிருக்கிறாய். மூடிய கதவுக்கு வெளியே சாப்பாட்டுத் தட்டு இருக்கும் படம் கூடாது. அது எங்கள் வீட்டு விஷயம். நான் ஆரம்பத்திலேயே போட்ட நிபந்தனையும் நினைவிருக்கட்டும்: எந்தப் படத்திலும் நான் வரக் கூடாது, என் நிழல்கூட விழக் கூடாது.

சுவரொட்டியை நிறுத்து.

அக்கா

*

பிப்ரவரி 11

அக்கா,

கடிதம் கிடைத்தது. கோபத்திலும் ஓரத்தில் கோடு போட்டு எழுதியிருக்கிறாய். கான்வென்ட்டில் நம் இரண்டு பேரையும் ஒரே கன்னியாஸ்திரீகள்தான் அடித்தார்கள். எனக்கு மட்டும் ஏன் ஒட்டவில்லை என்று தெரியவில்லை.

முதலில் ஒன்று. அவனுக்கு முப்பத்தெட்டு வயது. சம்மதக் கையெழுத்து போட்டது அவன். நீ இல்லை.

இரண்டாவது, நீ என்னை வேலை செய்ய விட்டாயா? மாதா மாதம் ரயிலேறி வந்தேன். ஒவ்வொரு தடவையும் வீடு ஓட்டல் அறை மாதிரி இருக்கும். விரிப்பில் ஒரு சுருக்கம் கிடையாது. மாத்திரைப் பெட்டி அலமாரிக்குள். அவன் சட்டைக்கு இஸ்திரி. அவன் ஜன்னலில் ஒட்டிய செய்தித்தாளை நான் வருவதற்கு முதல் நாள் வெந்நீர் ஊற்றிச் சுரண்டி எடுத்துவிட்டாய். கண்ணாடியில் பசைத் தடம் மட்டும் இருந்தது. சரி, அதையாவது எடுப்போம் என்று கேமராவைத் தூக்கினால், "இருடி, அதையும் துடைச்சிடறேன்" என்று துணியோடு வந்து நிற்கிறாய்!

உறவுக்காரர்கள் வந்தால் அவன் வெளியூரில் வேலை பார்க்கிறான் என்பாய். அவன் உள் அறையில் இருந்துகொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பான். தனக்குக் கேட்கும் குரல்களை அவனே "மேல்மாடி வாடகைக்காரங்க" என்று கிண்டல் பண்ணுவான். "இன்னைக்கு மேல்மாடியில சத்தம் ஜாஸ்தி சித்தி" என்பான். அதைக்கூட வெளியாள் முன்னால் சொல்லாதே என்று கண்ணைக் காட்டுகிறாய். மனச்சிதைவு என்ற வார்த்தையை நீ இதுவரை ஒரு தடவையாவது உன் வாயால் சொல்லியிருக்கிறாயா? "உடம்பு சரியில்லாத நாள்" என்றுதான் வரும். நீ இஸ்திரி போட்டு மடித்து வைத்த வாழ்க்கையை நான் எப்படிப் படம் எடுப்பது?

மூன்றாவது, சுவரொட்டி. அதைத் தேர்ந்தெடுத்தது காட்சியகத் தலைவர். ஒரு பார்வையில் ஆளை நிறுத்தும் படம் என்கிறார். அது உண்மை. சிரித்தான், ஒத்துக்கொள்கிறேன். பார்க்கிறவர்களில் யாருக்கு அது தெரியப் போகிறது? அவன் பட்ட கஷ்டம் பொய்யில்லையே. அந்த நிமிஷம் பட்டானா வேறு நிமிஷம் பட்டானா என்பதா பெரிய விஷயம்? வேறு நிமிஷத்தில் எடுக்கத்தான் நீ விடவில்லையே.

தட்டுப் படத்தை நீக்கவே மாட்டேன். நீ கோயில் குளம் என்று போகாத ஆள், சாமிக்குப் பயப்படுகிறவள் இல்லை, அதனால் நேரே கேட்கிறேன்: யாருக்குப் பயப்படுகிறாய்?

தங்கை

*

பிப்ரவரி 19

சின்னவளுக்கு,

யாருக்குத் தெரியப் போகிறது என்று கேட்டிருந்தாய். அவனுக்குத் தெரியும். தெரிந்திருந்தது. இப்போது தெரியவில்லை.

சுவரொட்டியை மறுபடி சுருட்டி அலமாரிக்குப் பின்னால் செருகியிருந்தேன். இந்த வீட்டில் நான் மறைத்த எதை அவன் கண்டுபிடிக்காமல் விட்டிருக்கிறான்? போன வெள்ளிக்கிழமை கடையிலிருந்து வந்ததும் எடுத்து விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் தேநீரோடு வந்தேன். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இது எப்பம்மா?"

"சித்தியோட சட்டையைத் துவைச்ச அன்னைக்கு."

"நான் அன்னைக்கு அழுதேனா?"

"இல்லடா. சிரிச்சே."

"எனக்கும் சிரிச்ச மாதிரிதான் ஞாபகம். ஆனா இதுல அப்படித் தெரியலையே." சுவரொட்டியை மறுபடி உற்றுப் பார்த்து, "அந்த ஞாபகமும் மேல்மாடிக்காரங்க சொன்னதுதானோ?" என்றான்.

"நான்தான் பக்கத்துல நின்னேனே, சொல்றேன்ல, சிரிச்சே" என்றேன்.

"நீ எப்பவும் நல்லதாத்தாம்மா சொல்லுவே" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பது போலச் சொன்னான்.

உனக்கு இது புரிகிறதா? எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பிரித்துப் பார்ப்பதுதான் அவனுடைய அன்றாட வேலை. நீயும் நானும் பல் தேய்ப்பது போல அவன் காலையில் எழுந்ததும் அதைச் செய்கிறான். எத்தனை வருடம் பழகி, ஒரு ஒழுங்குக்கு வந்திருக்கிறான். அவனிடம் போய், நீ சிரித்ததாக நினைத்தது அழுகை என்று அச்சடித்துக் காட்டியிருக்கிறாய். என் சாட்சியமும் செல்லவில்லை. அதற்கு நீ காரணமில்லை. அதை நான் அறிவேன், நீ எழுதிக் காட்ட வேண்டாம்.

சனிக்கிழமை ஜன்னலில் மறுபடி செய்தித்தாள் ஒட்டினான். கடைக்குப் போகவில்லை. தட்டு கதவுக்கு வெளியேதான் இருக்கிறது.

நூலகத்துக்குப் போய், உன்னைப் போன்றவர்கள் இதே விஷயத்தை எடுத்த படப் புத்தகங்களை வாங்கிப் பார்த்தேன். கம்பி, மூலை, சுவர், கையால் மூடிய முகம். பக்கத்துக்குப் பக்கம் அதுதான். ஒருவர் காலிலும் செருப்பு இல்லை. இத்தனை பேரில் ஒருவராவது பேருந்துக்குச் சில்லறை தேடியிருக்க மாட்டாரா? கண்ணாடிக்கு ஃபிரேம் எடுத்துக் கொடுத்திருக்க மாட்டாரா? ஒருவருக்காவது சட்டைப் பட்டனைத் தைத்துக் கொடுக்க ஆள் இருந்திருக்காதா?

நீ அறிவுள்ளவள் என்று நினைத்திருந்தேன்.

அக்கா

*

பிப்ரவரி 25

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அவனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் மறுபடியும் செய்தேன். எடுக்கவில்லை. வரட்டுமா என்று உன்னைக் கேட்டால் வராதே என்பாய். கேட்காமல் வந்தால் அவன் ஜன்னல் இன்னும் ஒரு வாரம் மூடியிருக்கும். அதனால் எழுதுகிறேன்.

காட்சியகத்துக்குப் போய்த் தாடிக்காரரிடம் சொன்னேன். (தலைவர் என்று எழுதக் கை வரவில்லை.) "அந்தப் படத்துல அவன் சிரிக்கிறான் சார்" என்றேன். அவர் காப்பியை உறிஞ்சிக்கொண்டே, "அதை வெளியில சொல்லாதீங்கம்மா, படம் செத்துடும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நானும் உனக்கு அதையேதான் எழுதியிருந்தேன், கொஞ்சம் படித்த வார்த்தைகளில்.

வீட்டுக்கு வந்து அன்றைய நெகட்டிவை எடுத்தேன். நான் எப்போதும் ஒரு சுருள் முழுவதையும் ஒரே தாளில் சின்னச் சின்னப் படமாக அச்சிட்டுத்தான் பார்ப்பேன். அதில் சிவப்புப் பென்சிலால் ஒன்றைச் சுற்றி வட்டம் போடுவேன். வட்டம் போட்டபின் அக்கம்பக்கத்துப் படங்களை மறந்துவிடுவேன். இது எங்கள் தொழில் பழக்கம். இந்தத் தடவை வட்டத்தை விட்டுவிட்டு வரிசையாகப் பார்த்தேன்.

முதலில் அவன் இயந்திரத்தின் கதவைத் திறக்கிறான். அடுத்ததில் என் சட்டையின் கை வெளியே வருகிறது. அடுத்து நீ. அடுத்தும் நீ. பிறகு சுவரொட்டிப் படம். அதற்குப் பிறகு அவன் தலையைத் தூக்கியிருக்கிறான். வாயெல்லாம் பல். கண்ணில் தண்ணீர். ஒரு விரலை மேலே கூரையைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கிறான். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை, கேமராவுக்குப் பின்னால் இருந்ததால் காதில் விழவில்லை.

வரிசையாகப் பார்த்தால் குழந்தைக்கும் புரியும். ஆனால் நீ இல்லாமல் புரியாது. உன்னை வெட்டிவிட்டு அச்சிட்டுப் பார்த்தேன். ஒரு ஆள் எதையோ பார்க்கிறான், தலையைப் பிடிக்கிறான், பல்லைக் காட்டுகிறான். இன்னும் மோசம். பயமாகக்கூட இருக்கிறது.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். முதலில் அவனிடம் கொடு. நீ பார்த்துவிட்டுக் கிழித்துவிடாதே, காலில் விழுகிறேன்.

தங்கை

*

மார்ச் 3

சின்னவளுக்கு,

கிழிக்கவில்லை. கிழித்திருக்கலாம்.

அது நானா? நைட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்கை வரை நுரையோடு, தலை அவிழ்ந்து, ஒரு கையில் வால் தொங்கும் ஃபிலிம் சுருளை எலியைப் பிடித்தது போலப் பிடித்துக்கொண்டு, வாயை... அந்த வாயை எழுத எனக்கு வார்த்தை இல்லை. என் கணவர் போன அன்று வந்தவர்கள்கூட என்னை வாரிய தலையோடுதான் பார்த்தார்கள். தெருவில் காய்கறி வாங்கப் போகும்போதும் நான் கைக்குட்டை இல்லாமல் போனதில்லை. இந்தப் பெண்ணைச் சுவரில் மாட்டி ஊரைக் கூப்பிட்டுக் காட்டுவாயா?

தாளை அவனிடம் கொடுத்தேன். கதவை விரலளவு திறந்து வாங்கிக்கொண்டான். கடையிலிருந்து கொண்டுவந்து வைத்திருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை அதன்மேல் வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்திருப்பான் போலிருக்கிறது. பிறகு உள்ளே யாரோ இருமுவது போல இருந்தது. சிரிக்கிறான்.

மறுநாள் சாப்பிட மேசைக்கு வந்தான். ஜன்னல் செய்தித்தாளில் ஒரு மூலை மட்டும் கிழிந்திருந்தது. நான் மீதியைச் சுரண்டவில்லை. கை துறுதுறுத்தது, ஆனாலும் சுரண்டவில்லை. நீ நம்ப மாட்டாய்.

"அம்மா, இதை இப்படியே மாட்டச் சொல்லு. வெட்டாம. வரிசையா" என்றான்.

"நான் இருக்கேன்டா இதுல."

"நீ இருக்கறதாலதாம்மா எனக்கே நம்பிக்கை வந்துச்சு. இந்த முகத்தை யாராலயும் கற்பனை பண்ண முடியாது."

சரி, அப்படியானால் தட்டுப் படத்தையாவது நீக்கிவிடச் சொல் என்றேன். கரண்டியைக் கீழே வைத்தான்.

"தட்டு இருக்கணும். வெறும் சிரிப்பை மட்டும் மாட்டினா, எனக்கு ஒண்ணுமே இல்லைன்னு ஆயிடும். அது உன் பொய். அந்தப் போஸ்டரை மட்டும் மாட்டினா, எனக்கு வேற ஒண்ணுமே இல்லைன்னு ஆயிடும். அது சித்தியோட பொய். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எனக்கு மூச்சு முட்டுது. வரிசையும் இருக்கணும், தட்டும் இருக்கணும். இல்லேன்னா கையெழுத்தை வாபஸ் வாங்கிடுவேன், யாரும் எதையும் மாட்ட வேண்டாம்."

அவனுக்கு நான்கு வயதில், நமக்குள் சண்டை வந்தால் கையைக் கட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் கேட்பானே, அதற்காக நீதானே அவனுக்கு ஜட்ஜ் என்று பெயர் வைத்தாய். இப்போது வாங்கிக்கொள்.

அவன் சொன்னதை அப்படியே உனக்கு எழுதிவிட்டேன். நான் சம்மதிக்கவில்லை. என் முகத்துக்கும் ஒரு கையெழுத்து வேண்டும் அல்லவா? அதை நான் போடவில்லை.

அக்கா

*

மார்ச் 8

அக்கா,

உன்னோடு மல்லுக்கட்டி எனக்கு அலுத்துவிட்டது.

தாடிக்காரரிடம் ஜட்ஜின் தீர்ப்பைச் சொன்னேன். வரிசையைப் பார்த்தார். "இது என்னங்க குடும்ப ஆல்பம் மாதிரி? இந்தக் கத்தற அம்மா எதுக்கு நடுவுல?" என்றார். மேசையை ஒரு தட்டுத் தட்டினேன். அவர் காப்பி அவர் தாடியிலேயே தெறித்தது. "அந்தம்மா எங்கக்கா" என்றேன். பிறகு வரிசை இல்லாவிட்டால் மொத்தப் படமும் கிடையாது என்றேன். முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். பழைய சுவரொட்டியை அச்சுக்கு அனுப்பவில்லை. புதியதில் வரிசைதான். காட்சியகத்திலும் அதேதான், பெரிய அளவில், ஒரு சுவர் நீளத்துக்கு.

வியாழக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். நீ சரி என்றால் உண்டு. இல்லை என்றால் எல்லாவற்றையும் கழற்றுகிறேன். ஒரு வருட வேலை. போகட்டும். நிஜமாகவே போகட்டும். உன் தலைமுடி வாராமல் இருந்தது என்பதற்காக அவன் சிரித்தது யாருக்கும் தெரியாமல் போகட்டும்.

நுரையையும் தலையையும் கணினியில் சரிசெய்து கொடு என்று கேட்டுவிடாதே. நீ கேட்பாய் என்று தெரியும். மாட்டேன்.

ஒரே வார்த்தையில் பதில் எழுது. உனக்கு அது கஷ்டம்தான்.

தங்கை

*

மார்ச் 10

சின்னவளுக்கு,

சரி.

ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன். இனி மற்றதைக் கேள்.

நேற்று ராத்திரிச் சாப்பாடு முடிந்து பாத்திரம் துடைக்கும்போது அவனிடம் கேட்டேன், கடைசிக் கட்டத்தில் விரலை ஏன் மேலே நீட்டினாய் என்று. துடைத்த தட்டை அடுக்கிக்கொண்டே சொன்னான்: "நீ கத்தினே பாரும்மா, மேல்மாடியில அத்தனை பேரும் பட்டுனு வாயை மூடிட்டாங்க. ஒரு சத்தம் இல்ல. அப்படி ஒரு அமைதி வந்து எத்தனை நாளாச்சு தெரியுமா? மருந்து பண்ணாததை நீ பண்ணிட்டே. அவங்களுக்கும் உன்னைக் கண்டா பயம்தான்னு நினைச்சதும் சிரிப்பு தாங்கலை. அதைத்தான் சித்திக்குக் காட்டினேன், மேல பாருங்க, கப்சிப்புனு."

கையில் இருந்த கோப்பையை நான் தேவைக்கு மேல் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் சரி. நுரையைத் தொடாதே. தலைமுடியைத் தொடாதே. என் மகனுக்கு மனச்சிதைவு நோய் என்று கீழே தெளிவாகப் போடு. "வாழ்க்கைப் போராட்டம்", "இருளில் ஒரு ஒளி" என்றெல்லாம் அந்தத் தாடிக்காரர் எதையாவது ஒட்டினால் நானே வந்து கிழிப்பேன்.

திறப்பு நாளுக்கு நான் வர மாட்டேன். வற்புறுத்தாதே.

அக்கா

*

ஏப்ரல் 20

சின்னவளுக்கு,

நீ அடுத்த வேலைக்கு எந்த ஊருக்குப் போயிருக்கிறாய் என்று நீ போட்ட தபால் அட்டையிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. உன் கையெழுத்து அப்படி. அதனால் இதை உன் வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன், எப்போது பார்க்கிறாயோ பார்.

திறப்பு விழாக் கூட்டமெல்லாம் ஓய்ந்தபின், போன செவ்வாய்க்கிழமை மதியம் நானும் அவனும் ரயிலேறிக் காட்சியகத்துக்குப் போனோம். அவன் கடையில் பாதி நாள் விடுப்புக் கேட்டான். கடைக்காரர், "ஓ, அந்த பஸ் ஸ்டாப் படமா? நானும் பார்த்தேன், உங்கம்மாவுக்கு நம்ம கடையில கண்ணாடி இலவசம்னு சொல்லு" என்றாராம். இலவசமாக எனக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன்.

முதலில் தட்டுப் படம். தட்டின் மேல் நான் மூடி வைத்த துணியில் ஒரு சுருக்கம்கூட இல்லை என்பதை அங்கேதான் கவனித்தேன். அவன் கதவைத் திறக்காத நாளிலும் நான் அந்தத் துணிக்கு இஸ்திரி போட்டிருக்கிறேன். கதவில் விழுந்திருப்பது என் நிழல். நான் போட்ட நிபந்தனையை நீ மீறியிருக்கிறாய். அவன் பார்த்துவிட்டு, "நீ வெளியிலயே நின்னியாம்மா?" என்று கேட்டான். "வேற எங்க நிப்பேன்?" என்றேன்.

பிறகு அந்த நீளச் சுவர். எங்களுக்கு முன்னால் ஒரு பெண்மணி, என் வயதிருக்கும், நல்ல பருத்திப் புடவை. அவள் நேரே நடுவில் போய்த் தலையில் கை வைத்த படத்துக்கு முன்னால் நின்று, "ஐயோ பாவமே" என்று உச்சுக் கொட்டினாள். அவள் ஒரு எட்டு இடப்பக்கம் வந்தாள். என்னைப் பார்த்தாள், சுவரில் இருக்கும் என்னை. மறுபடி வலப்பக்கம் போய் அவன் முகத்தையும் விரலையும் பார்த்தாள். சட்டென்று வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு, சிரித்திருக்கக் கூடாதோ என்று வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினால், அங்கே அவன் நிற்கிறான், நான் நிற்கிறேன்.

அடையாளம் தெரிந்துவிட்டது. அவளுக்கு முகம் வெளிறியது. "மன்னிச்சுக்கப்பா" என்றாள். பிறகு என்னை ஜாடை காட்டி, மெதுவாக, "அம்மா எப்பவும் இப்படித்தானா?" என்றாள்.

ஜட்ஜ் சுவரை நன்றாகப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "இல்லைங்க. அன்னைக்குக் கொஞ்சம் சாந்தமா இருந்தாங்க" என்றான்.

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் நின்ற காவலாளிகூடச் சிரித்தான். எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. இத்தனை வருடம் யாரும் அவனைப் பார்த்துச் சிரித்துவிடக் கூடாது என்று கதவையும் ஜன்னலையும் காவல் காத்திருக்கிறேன். கடைசியில் ஒரு அறை முழுக்க ஆட்கள் அவனோடு சேர்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனேன். வேறு என்ன செய்வது?

இந்த வாரம் மேல்மாடியில் சத்தம் கொஞ்சம் அதிகம் என்கிறான். ஜன்னலில் பாதிக்குச் செய்தித்தாள் இருக்கிறது. மறுபாதி வழியாக வெயில் வருகிறது. நான் சுரண்டவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் வா. அந்தச் சட்டையை அழுக்கோடு கொண்டுவந்து என் நாற்காலியில் மாட்டாதே. மாட்டினால் துவைப்பேன். பையில் என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

அக்கா